ஸ்பானிய மொழி பேசும் கடற்கரை ஊரில் குடியேற நினைக்கும் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பானிய மொழி வழங்கும் ஒரு கடலோர ஊரில் குடியேற வேண்டும் என்ற எண்ணம் வடசென்னையிலும் இன்று பலருக்கு இருக்கிறது. கப்பல் வேலையில் இருந்து பார்சலோனாவையும், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸையும் துறைமுக வாசலோடு பார்த்துத் திரும்பியவர்கள், துறைமுகத்திலோ ரயில்வேயிலோ ஓய்வு பெற்றவர்கள், தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் என மூன்று தரப்பினர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். பெரும்பாலானோர் மணலின் நிறத்தையும் வாடகையையும் பார்த்து ஊரை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விசாவைத் தேடத் தொடங்குகிறார்கள். எந்த நாடு உங்களை எந்த அடிப்படையில் தங்க அனுமதிக்கும் என்பதை முதலில் பாருங்கள். அந்த நாட்டின் கடலும் பருவமும் எப்படிப்பட்டவை என்பதை அடுத்துப் பாருங்கள். சுற்றுலாப் பயணிகள் கிளம்பிப் போன மாதங்களிலும் இயங்கிக்கொண்டிருக்கும் ஊர் எது என்பதைக் கடைசியாகப் பாருங்கள். இந்த வரிசையில் போனால் கைப்பணமும் காலமும் வீணாகாது.

அனுமதி எந்த வழியில் கிடைக்கும்?

மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குப் பனாமாவும் கோஸ்டா ரிக்காவும் ஏற்றவை. இரண்டு நாடுகளிலும் ஓய்வூதியர்களுக்கென்று தனி வதிவிட அனுமதி இருக்கிறது. மாதம் குறைந்தது 1,000 டாலர் ஆயுட்கால ஓய்வூதியம் வருகிறது என்று காட்ட வேண்டும். இன்றைய மதிப்பில் அது எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. நம் ஓய்வூதியம் ரூபாயிலும் அவர்கள் கேட்கும் தொகை டாலரிலும் இருப்பதால், விளிம்பில் நிற்பவர்கள் ரூபாய் சற்றுச் சரிந்தாலும் தகுதியை இழந்துவிடுவார்கள் என்பதை மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். பனாமாவில் அன்றாடப் புழக்கத்திலேயே அமெரிக்க டாலர்தான் இருக்கிறது. இரு நாடுகளும் தத்தம் எல்லைக்குள் ஈட்டிய வருமானத்துக்கு மட்டுமே வரி விதிக்கின்றன.

ஸ்பெயினில் வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழ்வதற்கான விசா ஒன்று உண்டு. அதற்கான வருமான வரம்பை இப்ரெம் என்ற அரசுக் குறியீட்டை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2023 முதல் அது மாதம் 600 யூரோ. விண்ணப்பதாரர் அதைப் போல நான்கு மடங்கும், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மேலும் ஒரு மடங்கும் காட்ட வேண்டும். தனி ஒருவருக்கு ஆண்டுக்கு 28,800 யூரோ ஆகிறது. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 28,80,000 ரூபாய். இந்த விசாவில் போய் அங்கே வேலை செய்ய முடியாது என்பதையும், தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதையும் ஆலோசகர்கள் சிலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீடு வாங்கினால் வதிவிட அனுமதி என்ற பழைய வழியை 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி மனை விற்பவர் யாராவது வந்தால் அவரைத் தவிர்த்துவிடுங்கள்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு, 2022ஆம் ஆண்டின் சட்டத்தால் 2023இல் நடைமுறைக்கு வந்த தொலைப்பணி விசா பொருந்தும். ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். பட்டமோ மூன்று ஆண்டு அனுபவமோ வேண்டும். உங்களுக்கு வேலை தரும் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கி வந்திருக்க வேண்டும். ஓய்வூதியம், மருத்துவம் போன்ற சமூகப் பாதுகாப்புக்கான சந்தா எந்த நாட்டில் கட்டப்படுகிறது என்ற சான்றில்தான் இந்திய விண்ணப்பங்கள் சிக்குகின்றன. எனவே, நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் இதைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள்.

கப்பல் ஊழியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்பெயின் அரசு, உள்நாட்டில் ஆள் கிடைக்காத பணிகளின் பட்டியல் ஒன்றை அவ்வப்போது வெளியிடுகிறது. அந்தப் பணிகளுக்கு, உள்ளூரில் ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்று முதலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் பல ஆண்டுகளாகப் பெரும்பகுதியை நிரப்பி வருபவை வணிகக் கப்பல் பணிகளே: தளப் பணியாளர், இயந்திரப் பிரிவினர், சமையலர் முதலியவை. காசிமேட்டிலும் இராயபுரத்திலும் கப்பல் பணிச் சான்றிதழை வைத்துக்கொண்டு காத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் செய்தி எட்டவே இல்லை என்பது என் வருத்தம். மாணவராகப் போவதும் ஒரு வழிதான். படிக்கும்போது வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு.

மெக்சிகோவின் தற்காலிக வதிவிட விசா முதலில் ஓராண்டுக்குத் தரப்படுகிறது. மொத்தம் நான்கு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இதற்கு மெக்சிகோவுக்கு வெளியில் இருக்கும் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்; போய் இறங்கிய 30 நாட்களுக்குள் அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். எக்குவடோரை இப்போதைக்கு ஒதுக்கி வைக்குமாறு சொல்வேன். வாழ்க்கைச் செலவு குறைவு, டாலர் புழக்கம் என்று அதைப் புகழ்பவர்கள் உண்டு. ஆனால் 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசே உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது, கடலோர மாகாணங்களில்தான் வன்முறை மிகுதி. உருகுவே அமைதியான நாடு, புயலும் இல்லை, ஆனால் செலவு அதிகம்.

குடியுரிமை வரை யோசிப்பவர்கள் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கும் இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் ஸ்பெயின் குடியுரிமை இந்தியர்களுக்குப் பத்து ஆண்டுகள் வாழ்ந்த பிறகே கிடைக்கும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே அன்றைக்கு இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

கடலைப் படியுங்கள்

இந்த விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் தகுதி உண்டு. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் கட்டப்பட்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, தெற்கே மெரினா அகன்றதையும், வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டுக் குப்பங்கள் வீடுகளை இழந்ததையும், பிறகு பாறைகள் கொட்டித் தூண்டில் வளைவுகள் போட்டதையும் நாம் கண்ணால் பார்த்தவர்கள். அதே கண்ணோடு வலென்சியாவின் செயற்கைக்கோள் படத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே மணல் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. எனவே துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் மல்வரோசா கடற்கரையில் சாலைக்கும் அலைக்கும் இடையே அகன்ற மணல்வெளி தெரியும். துறைமுகத்தைத் தாண்டித் தெற்கே பினேதோ, எல் சலேர் பக்கம் விரலை நகர்த்தினால் அந்தப் பட்டை மெலிந்துகொண்டே போகும். எந்த ஊரைப் பார்த்தாலும் அருகில் துறைமுகமோ படகுத்துறையோ இருக்கிறதா, மணல் எந்தப் பக்கம் சேர்கிறது, நீங்கள் பார்த்து வைத்த வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்படிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். மெக்சிகோவின் கரீபியக் கரையில் உள்ள கான்குனில் 2005ஆம் ஆண்டின் வில்மா புயலுக்குப் பிறகு கடலடி மணலை அள்ளி வந்து கரையை நிரப்பினார்கள். சில ஆண்டுகளில் மீண்டும் நிரப்ப வேண்டி வந்தது.

புயலைப் பொறுத்தவரை, கரீபியக் கடலோரத்துக்கு ஜூன் முதல் நவம்பர் வரையும், மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்துக்கு மே நடுவிலிருந்து நவம்பர் வரையும் புயல் காலம். வர்தாவையும் மிக்ஜாமையும் கண்டவர்களுக்குப் புயல் புதிதல்ல. ஆனால் 2023 அக்டோபர் 25 அன்று அக்காபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், ஒரே நாளுக்குள் சாதாரணப் புயலிலிருந்து மிக உயர்ந்த ஐந்தாம் வகைக்கு வளர்ந்துவிட்டது. மக்களுக்கு வெளியேற நேரமே கிடைக்கவில்லை. பனாமாவையும் கோஸ்டா ரிக்காவையும் புயல் நேரடியாகத் தாக்குவது அரிது. ஆனால் கோஸ்டா ரிக்காவின் பசிபிக் பக்கத்தில் மே முதல் நவம்பர் வரை மழை. கரீபியப் பக்கத்தில் மழைக் கணக்கே வேறு, அங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் ஓரளவு வெயில் காயும் மாதங்கள். பசிபிக் கரை முழுவதும் நிலநடுக்கப் பகுதி. 2016 ஏப்ரலில் எக்குவடோரின் மந்தா பகுதியை 7.8 அளவு நிலநடுக்கம் சிதைத்தது. 2004 டிசம்பரை மறக்காதவர்கள், வீட்டிலிருந்து மேட்டு நிலத்துக்கு எவ்வளவு நேரத்தில் நடந்து சேரலாம் என்று கேட்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

சர்காசம் என்னும் கடற்பாசி 2011 முதல் கரீபியக் கரைகளில் பெருமளவில் ஒதுங்குகிறது. மெக்சிகோவின் துலும், பிளாயா தெல் கார்மன் போன்ற இடங்களில் கோடை மாதங்களில் அது குவிந்து அழுகி முட்டை நாற்றம் வீசும். விளம்பரப் படங்கள் எல்லாம் ஜனவரியில் எடுத்தவை.

ஸ்பெயினில் கவலை வேறு. மத்தியதரைக் கடல் குளிர்காலத்தில் நம்மால் இறங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். மலகாவில் ஜனவரி இரவுகள் ஏழு எட்டு டிகிரிக்குப் போகும், பழைய வீடுகளில் சூடாக்கும் வசதியும் இருக்காது. காடிஸில் ஊரார் காற்றை வைத்துத்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள்: நம் கொண்டலைப் போலக் கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே அங்கே வறண்டு சூடாக நாட்கணக்கில் அடிக்கும், கச்சானைப் போல மேற்கிலிருந்து வரும் போனியெந்தே கடலின் குளிர்ச்சியைக் கொண்டுவரும். லாஸ் பால்மாஸில்தான் ஆண்டு முழுவதும் மிதமான வெயில் இருக்கிறது. ஆபத்து கடலிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு வலென்சியா சான்று: 2024 அக்டோபர் 29 அன்று நகருக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தது, வறண்டு கிடந்த ஓடையில் ஒரே மாலையில் வந்த வெள்ளத்தால். கொசஸ்தலை ஆற்றையும் பக்கிங்காம் கால்வாயையும் அறிந்தவர்கள், ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையையும் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

உல்லாசத்துக்கென்றே எழுந்த ஊர்களைவிடத் துறைமுகமும் மீன்பிடியும் பல்கலைக்கழகமும் உள்ள நகரங்களையே பரிந்துரைப்பேன். அங்கே அக்டோபரிலும் பேருந்து ஓடும், மருத்துவர் இருப்பார், வேலை கிடைக்க வாய்ப்பு இருக்கும், அக்கம்பக்கத்தார் ஸ்பானிய மொழியில்தான் பேசுவார்கள். ஸ்பெயினின் டொரெவியேகா போன்ற ஊர்களில் வெளிநாட்டு ஓய்வூதியர்கள் மிகுந்திருப்பதால் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடலாம். மொழி கற்கப் போகிறவருக்கு அது இழப்பு.

என் முதல் தேர்வு லாஸ் பால்மாஸ். பெரிய துறைமுகம், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள், மீன் இறக்கும் தளம், அவற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு லாஸ் காந்தேராஸ் கடற்கரை என எல்லாம் ஒரே நகரில் இருக்கின்றன. கரைக்கு அப்பால் இயற்கையாக அமைந்த பாறைத் திட்டு அலையை உடைத்துவிடுவதால் குழந்தைகளும் இறங்கலாம். சிந்தி வணிகக் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே குடியேறியதால், இந்திய முகம் அங்கே புதிதல்ல. மளிகைப் பொருட்களும் கிடைக்கும். குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. மீஞ்சூர் நிலையத்தின் நீரைக் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை பழகியதுதான். குறைகளும் உண்டு: தீவு என்பதால் பயணச் செலவு கூடும், வேலையின்மை அதிகம், சுற்றுலாவால் வாடகை ஏறியதை எதிர்த்து 2024 ஏப்ரலில் கனாரித் தீவுகள் எங்கும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. குடியேறப் போகிறவர், உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டைச் சுற்றுலா விடுதியாக மாற்றியவரிடம் வாடகைக்கு எடுக்காமல் இருப்பதே மரியாதை.

வலென்சியாவின் கபான்யால் பகுதியைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. ஓடு பதித்த முகப்புகளோடு நிற்கும் பழைய மீனவர் குடியிருப்பு அது. அகன்ற சாலை ஒன்றைக் கடல் வரை நீட்டுவதற்காக அதன் நடுவே நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க 1998இல் திட்டமிட்டார்கள். மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்று அதை நிறுத்தினார்கள். கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்தத் தெருக்களில் நடக்கும்போது பல விஷயங்கள் சொல்லாமலே புரியும். இப்போது அங்கேயும் வாடகை ஏறிவிட்டது. பிள்ளைகளோடு போகிறவர்கள், வலென்சியாவிலும் பார்சலோனாவிலும் பள்ளிகளில் வட்டார மொழியும் பாடமொழியாக இருப்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மெக்சிகோவில் மசாட்லான் எனக்குப் பிடித்தமானது. இறால் படகுகளும் பழைய நகரமும் உள்ள உழைக்கும் துறைமுகம். ஆனால் அது இருக்கும் சினலோவா மாநிலத்தில் போதைக் கும்பல்களின் மோதல் 2024 முதல் தீவிரமாகியிருக்கிறது. அது தணியும் வரை காத்திருப்பதே நல்லது. புவேர்ட்டோ எஸ்கோண்டிடோவின் சிகாதேலா கரை அலைச்சறுக்கு வீரர்களுக்கானது, நீந்துவதற்கு ஆபத்தானது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனாமா, கோஸ்டா ரிக்கா இரண்டிலும் தினமும் சோறுதான். கோஸ்டா ரிக்காவின் கரீபியப் பக்கம் தேங்காய்ப்பாலில் சமைத்த சோறும் பயறும் உண்பார்கள். மெக்சிகோவில் சியெர்ரா என்று விற்கும் மீன் நம் வஞ்சிரத்தின் இனம். காடிஸ் கரையில் சூரை மீனை உப்பிட்டுக் காயவைத்து மொகாமா என்று விற்கிறார்கள். கருவாடு உண்பவர்களுக்கு அது பிடிக்கும். மெக்சிகோவில் குழாய் நீரைக் குடிப்பதில்லை, இருபது லிட்டர் கேன்தான்.

வீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பெயினின் கடலோர ஊர்களில் செப்டம்பர் முதல் ஜூன் வரை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு, கோடையில் பல மடங்கு வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்கள் பலர். நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தம் என்றால், உரிமையாளர் தனிநபராக இருக்கும்போது ஐந்து ஆண்டுகள் வரை நீங்கள் இருக்க உரிமை உண்டு; பருவகால ஒப்பந்தத்தில் அந்த உரிமை இல்லை. எந்த ஒப்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். நகராட்சிக் குடியிருப்போர் பதிவேட்டில் அந்த முகவரியில் பெயர் சேர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்றும் கேளுங்கள். மருத்துவம், பள்ளி, விசா புதுப்பிப்பு எல்லாம் அந்தப் பதிவைத்தான் கேட்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் எங்கும் வீடு வாங்காதீர்கள். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க அரசியலமைப்பே தடை செய்கிறது. வங்கி வழியாக 50 ஆண்டு அறக்கட்டளை ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெற்றோர் இங்கே இருப்பவர்கள் நேர வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் ஸ்பெயினில் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் நான்கரை. கனாரித் தீவுகளில் இன்னும் ஒரு மணி நேரம் குறைவு. மெக்சிகோ நகரிலும் கோஸ்டா ரிக்காவிலும் அன்று காலை ஒன்பதரை. அவசரத்துக்கு ஓடி வர வேண்டுமென்றால் ஸ்பெயினின் பெரிய நகரங்களிலிருந்து வளைகுடா வழியாக ஒரே மாற்றத்தில் சென்னைக்கு வந்துவிடலாம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வர இரண்டு மாற்றங்களும் சில இடங்களில் இடைவழி விசாவும் தேவைப்படலாம்.

காகிதங்கள்

தமிழர்களுக்கு இங்கே வரும் பெரிய சிக்கல் பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் அது விரிந்து தந்தை பெயராக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே பதியாமல் இருக்கும். திருமணச் சான்றிதழில் மனைவியின் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் வந்திருக்கும். இரண்டு குடும்பப்பெயர்களைக் கேட்கும் ஸ்பானிய விண்ணப்பத்தை நிரப்பும்போது இந்த நான்கும் நான்கு வேறு ஆட்களைப் போலத் தோன்றும். வெளிநாட்டவர் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடலாம். ஆனால் முதல் கட்டத்தில் வருவது எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டை முதலில் சரிசெய்து, அதற்கேற்ப மற்றவற்றைத் திருத்துங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ தந்த திருமணச் சான்று போதாது. பதிவுத்துறைச் சான்று வேண்டும்.

பிறகு ஆவணங்களுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதன் பிறகே ஸ்பானிய மொழிபெயர்ப்பு என்ற வரிசையில் போங்கள். முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால் மொழிபெயர்ப்பை முன்னதாகச் செய்தால் இரண்டாம் முறை செலவாகும். காவல்துறை நன்னடத்தைச் சான்று சில மாதங்களுக்கே செல்லும் என்பதால் அதைக் கடைசியில் வாங்குங்கள். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. குடியேறிய பிறகு இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்றிவிட வேண்டும். ஸ்பெயினில் ஆண்டுக்கு 183 நாட்களுக்கு மேல் இருந்தால் உலகெங்கும் உள்ள உங்கள் வருமானம் அங்கே வரிக்கு உட்படும். திருவொற்றியூர் வீட்டு வாடகையும் அதில் சேரும்.

பனாமாவுக்கோ எக்குவடோருக்கோ போனால் அங்கிருந்து அமெரிக்கா போய்விடலாம் என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்களை நம்பாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து பனாமாவுக்கு வரும் டாரியன் காட்டு வழியில் உயிர் போனவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பனாமாவுக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் விமானத்தில் வெளியேற்றியவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். வேலைக்கு அனுப்புவதாகச் சொல்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

சுற்றுலா விசாவில் ஸ்பெயினில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரைதான் தங்கலாம். ஊரைச் சோதித்துப் பார்க்க மூன்று நான்கு வாரங்கள் போதும். ஊர் மிக மோசமாக இருக்கும் மாதத்தில் போங்கள்: ஸ்பெயின் என்றால் ஜனவரி அல்லது பிப்ரவரி, மெக்சிகோவின் கரீபியக் கரை என்றால் ஜூன் அல்லது ஜூலை, கோஸ்டா ரிக்காவின் பசிபிக் பக்கம் என்றால் மழை உச்சத்தில் இருக்கும் அக்டோபர். விடுதியில் தங்காமல், குடியிருப்புத் தெருவில் அறை எடுங்கள். ஒரு நாள் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய்ப் படகு வேலையில் இருப்பவர்களிடம் கரையைப் பற்றிக் கேளுங்கள். காசிமேட்டு ஏலக் கூடத்தில் நின்று பழகியவருக்கு அங்கே பேச்சுத் தொடங்க அதிக மொழி தேவைப்படாது. ஒரு நாள் அரசு மருத்துவ மையத்துக்கும், ஒரு நாள் நகராட்சிப் பதிவு அலுவலகத்துக்கும் போய், உங்களைப் போன்ற விசாவில் வருபவரிடம் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஸ்பெயினில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கினாலும் இடத்துக்கான விண்ணப்பம் வசந்த மாதங்களிலேயே முடிந்துவிடும்; எனவே பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த ஜனவரிப் பயணத்திலேயே பள்ளியையும் பார்த்து, சேர்க்கை நாட்களைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப இங்கே விசா விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும்.